செயின்சா இன்ஜின் மாடல் விமானத்தில் ஸ்டார்ட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம் அறுக்கும் செயின்சாவின் இன்ஜினைக் கழற்றி, பெரிய ரேடியோ கன்ட்ரோல் விமானத்தின் மூக்கில் மாட்டுவது புதுப் பழக்கம் இல்லை. ஜெர்மனியின் சாக்ஸ்-டோல்மார் ரம்ப இன்ஜின்கள் ஒரு காலத்தில் பெரிய ஸ்கேல் மாடல்களில் நிறைய ஓடின. இன்று நம் ஊரில் அதிகம் கைக்கு வருபவை 52, 58 சிசி என்று எழுதி விற்கும் சீன ரம்பங்கள். விலை குறைவு, உதிரி பாகம் கிடைக்கும், கெட்டுப்போனாலும் மனசு வலிக்காது.

கீழே உள்ள பதில்கள் ஒரே ஒரு நிலைமைக்கானவை: ரம்பமாக இருந்தவரை ஓடிய இன்ஜின், விமானத்துக்கு மாற்றிய பிறகு ஓடவில்லை. முதலிலிருந்தே ஓடாத இன்ஜினை வாங்கியிருந்தால், கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

ரம்பத்தில் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. இப்போது ஒரு 'டப்' சத்தம்கூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

கார்புரேட்டர் ஸ்க்ரூவிலிருந்து தொடங்க வேண்டாம். எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகிறது. ரம்பத்தில் ஓடிய செட்டிங், ஃபயர்வாலில் (விமான மூக்கில் இன்ஜினை மாட்டும் பலகை) மாட்டியதால் மாறிவிடாது. மாறியது வேறு. ஸ்டார்ட்டர், கிளட்ச், செயின் ஆயில் பம்ப், ஏர் ஃபில்டர் பெட்டி, சுவிட்ச், டேங்க், பிளாஸ்டிக் உடல் ஆகியவற்றைக் கழற்றினீர்கள். இவற்றில் பலவும் நம் கண்ணில் படாத இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருந்தவை. ஃபில்டர் பெட்டிக்குள் சோக் இருந்திருக்கும். பிளாஸ்டிக் உடலின் போல்ட்தான் கிராங்க் கேஸையும் (சுழலும் கிராங்க் தண்டு இருக்கும் அறை) சேர்த்து இறுக்கியிருக்கும். ஸ்டார்ட்டர் கொடுத்த வேகம் உங்கள் கைக்கு வராது. 'எதைக் கழற்றினேன், எதை வெட்டினேன், எதை நகர்த்தினேன்' என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோளாறு பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

கரண்ட் வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பிளக்கைக் கழற்றி, ஆயில் கலந்த பெட்ரோலை அரை மில்லி அளவு உள்ளே விடுங்கள். பிளக்கை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, ப்ராப்பைச் (ப்ரொப்பல்லரைச்) சுற்றுங்கள். ஓரிரு நொடி ஓடி நின்றால் ஸ்பார்க், டைமிங் (பொறி வரும் நேரம்), கம்ப்ரஷன் மூன்றும் ஏறக்குறைய சரி. பெட்ரோல்தான் வரவில்லை. பல தடவை சுற்றியும் சத்தமே இல்லை என்றால் கார்புரேட்டரை மறந்துவிட்டு ஸ்பார்க் பக்கம் போங்கள். பின்னால் 'புஸ்' என்று கார்புரேட்டர் வழியாகத் துப்பினாலோ, ப்ராப் எதிர்த்திசையில் உதைத்தாலோ டைமிங்கைச் சந்தேகிக்கலாம்.

இதைச் செய்யும் முன் விமானத்தின் வாலைக் கட்டிப்போடுங்கள். கனமான தோல் கையுறை போடுங்கள். ப்ராப்பில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும், 'ஓடாத இன்ஜின்தானே' என்று நினைக்கிற அந்த முறையும், இக்னிஷன் போட்டிருப்பதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். 20 அங்குல மர ப்ராப் விரலைக் காயப்படுத்துவதோடு நிற்காது.

ஸ்பார்க் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பிளக்கைக் கழற்றி கேப்பில் மாட்டி, பிளக்கின் மரையை இன்ஜின் உலோகத்தில் அழுத்தமாகத் தொடும்படி வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள். துளையிலிருந்து பீய்ச்சும் பெட்ரோல் புகை அந்தப் பொறியிலேயே தீப்பிடிக்கும். வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது, நிழலில் பாருங்கள். நீலமாக, 'டிக்' என்ற சத்தத்தோடு வர வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வருவது வெளிக்காற்றில் தாண்டும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டாது. வெளியே வருகிறது, உள்ளே வேலை செய்யவில்லை என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுதான். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் இன்னும் நல்லது.

புது பிளக் போட்டுப் பார்க்காமல் வேறு எதையும் பிரிக்க வேண்டாம். இதில் இருப்பதிலேயே மலிவான பொருள் அதுதான். மேக்னட்டோவுக்கு (ரம்பத்தோடு வரும், பேட்டரி இல்லாத காந்த இக்னிஷன்) பிளக் இடைவெளி 0.5 முதல் 0.6 மிமீ வரை சரி. சிடிஐ (பேட்டரியில் ஓடும் எலக்ட்ரானிக் இக்னிஷன்) போட்டிருந்தால் 0.4 முதல் 0.5 மிமீ போதும்.

ஸ்பார்க் சுத்தமாக இல்லை. இக்னிஷன் காயில் போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன் கில் ஒயரைப் பாருங்கள். ரம்பத்தின் சுவிட்ச் இன்ஜினை நிறுத்துவது, காயிலிலிருந்து வரும் ஒரு ஒயரை உடலோடு தொட வைத்துத்தான். கைப்பிடியோடு சுவிட்சைக் கழற்றியபோது அந்த ஒயரை வெட்டி விட்டிருப்பீர்கள். அதன் நுனி இன்ஜினையோ உலோக மவுன்ட்டையோ எங்கேயாவது தொட்டால் இன்ஜின் நிரந்தரமாக 'ஆஃப்' நிலையில் இருக்கும். ஒயரைக் காயில் முனையிலிருந்தே பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள். பறக்கும்போது மட்டும் மறக்காமல் திரும்ப மாட்டி ஒரு சுவிட்ச் வையுங்கள். நிறுத்த வழியில்லாத இன்ஜினைக் களத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

அடுத்து காயிலுக்கும் பிளைவீலுக்கும் உள்ள இடைவெளி. 0.3 மிமீ அளவு வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டு போதும்: காந்தத்தைக் காயிலின் கால்களுக்கு எதிரே கொண்டுவந்து, கார்டை நடுவில் வைத்து, காந்தம் இழுத்த நிலையிலேயே ஸ்க்ரூவை இறுக்கி, கார்டை உருவிவிடுங்கள். காயில் உட்காரும் இடத்தில் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டி எடுங்கள். இன்ஜினை அழகாகப் பெயின்ட் அடித்து மாட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தவறாமல் வரும்.

மல்டிமீட்டரில் காயிலை அளந்து 'நல்லது', 'கெட்டது' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இப்போதைய காயில்களுக்குள் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, மீட்டர் காட்டும் எண்ணுக்கு அதிகம் அர்த்தம் இல்லை. தெரிந்த நல்ல காயில் ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

எடை குறைக்க பிளைவீலை லேத்தில் கடைந்தேன். அதனால் இருக்குமா?

நிறையவே வாய்ப்பு உண்டு. பிளைவீலின் விசிறி இறக்கைகளைக் கடைந்து எடுப்பது வழக்கம்தான். விமானத்தில் ப்ராப் காற்றே குளிர்விக்கும், ப்ராப்பே பிளைவீலாகவும் வேலை செய்யும். பிரச்சினை கடைந்த விதத்தில் இருக்கும். காந்தத்தைப் பிடித்திருக்கும் அலுமினியம் மெலிந்து காந்தம் நகர்ந்திருக்கலாம். காந்தத்தின் இரும்புக் கால்களைத் தொட்டுக் கடைந்திருந்தால் காயிலோடு இடைவெளி கூடியிருக்கும். காந்தத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த எடையை எடுத்திருந்தால், ஸ்டார்ட் ஆனாலும் விமானத்தையே உதறும்.

அதைவிட மோசம், பிளைவீலைக் கழற்றும்போது கிராங்க் நுனியில் சுத்தியலால் அடித்தது. பிளைவீல் உட்காருவது ஒரு டேப்பரில் (கூம்பாகச் சரியும் தண்டுப் பகுதி). உள்ளே இருக்கும் சின்ன கீ, பிளைவீல் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்று காட்ட மட்டுமே. விசையைத் தாங்குவது டேப்பர். டேப்பரில் கிரீஸோ எண்ணெயோ இருந்தாலும், நட் சரியாக இறுகாவிட்டாலும் முதல் உதையிலேயே கீ வெட்டுப்பட்டு பிளைவீல் சற்றுத் திரும்பிவிடும். ஸ்பார்க் அழகாக வரும், பெட்ரோலும் வரும், இன்ஜின் மட்டும் ஓடாது. வெளியே எந்த அடையாளமும் இராது. ஸ்பார்க்கும் பெட்ரோலும் இருந்து ஓடாத இன்ஜினில் பிளைவீலைக் கழற்றி அந்தக் கீயைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்த பிறகு இரண்டு டேப்பரையும் தின்னர் போட்டுத் துடைத்து, காய்ந்த நிலையில் மாட்டுங்கள்.

ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டேன். கையால் ப்ராப்பைத் தட்டினால் போதாதா?

மேக்னட்டோவுக்குப் பல நேரம் போதாது. அது பேட்டரி இல்லாமல், காந்தம் காயிலைக் கடக்கும் வேகத்தில் மின்சாரம் எடுக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஸ்பார்க்கே வராது. ரீகாயில் கயிறு கொடுக்கும் வேகத்துக்கும் கை கொடுக்கும் வேகத்துக்கும் நிறைய தூரம். அதனால்தான் பெஞ்சில் கயிற்றால் ஓடிய இன்ஜின் விமானத்தில் ஊமையாகிவிடுகிறது.

கையாலேயே செய்வதென்றால் கனமான மர ப்ராப் உதவும். 52 சிசிக்கு 20x8 அல்லது 20x10 அளவு பொருத்தமான தொடக்கம். ஸ்டார்ட் ஆக எளிதாக இருக்கும் என்று சின்ன, லேசான ப்ராப்பை மாட்டினால் நடப்பது நேர் எதிர். சுழலும் எடை குறைந்து இன்ஜின் அடுத்த கம்ப்ரஷனைத் தாண்டாமல் உதைக்கும். கம்ப்ரஷன் இறுகும் இடத்தில் ப்ராப் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருக்கும்படி ஹப்பில் மாட்டுங்கள், கைக்கு முழு வீச்சும் கிடைக்கும்.

இல்லையென்றால் மூன்று வழி: ஸ்பிரிங் ஸ்டார்ட்டர், பெரிய எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர், சிடிஐ. என்னைக் கேட்டால் சிடிஐ. கொஞ்சம் காசு, கொஞ்சம் பேட்டரி எடை. ஆனால் மெதுவாகச் சுற்றினாலும் முழு ஸ்பார்க் வரும். மெதுவான வேகத்தில் டைமிங்கைத் தானே பின்தள்ளிக்கொள்ளும் வகையாக இருந்தால் கையை உதைப்பதும் குறையும். கனமான பிளைவீலையும் இறக்கிவிடலாம்.

ட்ரில்லில் சாக்கெட் மாட்டிச் சுற்றலாமா?

வேண்டாம். ப்ராப் முன்னிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அந்தத் திசையில் சாக்கெட்டால் திருப்பினால் சாதாரண வலது மரை நட் கழன்றுவிடும். கழலாவிட்டாலும், இன்ஜின் பிடித்துக்கொண்ட நொடியில் அது ட்ரில்லைவிட வேகமாகச் சுற்றும், உங்கள் மணிக்கட்டையும் கூடவே இழுக்கும்.

ப்ராப்பை எந்தத் திசையில் சுற்ற வேண்டும்?

இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்டால் நல்லது. ரம்பத்தை கிளட்ச் பக்கமிருந்து பார்த்தால் கிராங்க் வலஞ்சுழியாக, கடிகார முள் போல, சுற்றும். கிளட்ச் இடது மரையில் இருப்பதும் அதனால்தான். எதிர்ப்பக்கம், பிளைவீல் பக்கமிருந்து பார்த்தால் அதே சுழற்சி இடஞ்சுழி. கடையில் கிடைக்கும் சாதாரண ப்ராப் முன்னிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டியது. ஆகவே பிளைவீல் பக்கம் ப்ராப் வைத்தால் எல்லாம் ஒத்துப்போகும்.

கிளட்ச் பக்கத் தண்டு தடிமனாக, மரையோடு தயாராக இருக்கிறதே என்று அங்கே ப்ராப் ஹப் போட்டவர்களுக்குத்தான் சிக்கல். இன்ஜின் இன்னும் பழைய திசையில்தான் ஓட விரும்பும். நீங்கள் சாதாரண ப்ராப்பை வழக்கமான திசையில் தட்டுவீர்கள். அப்போது மேக்னட்டோ தவறான இடத்தில் பொறி விடும், அல்லது விடாது. ஒன்று, எதிர்த்திசைக்கான புஷர் ப்ராப்பை எழுத்து முன்பக்கம் தெரியும்படி மாட்டி, வலஞ்சுழியாகத் தட்டுங்கள். அல்லது சிடிஐ போட்டு, சென்சரை மறுபக்கத்துக்கு மாற்றி, இன்ஜினையே எதிர்த்திசையில் ஓட வையுங்கள். பிஸ்டனே துளைகளைத் திறந்து மூடும் டூ ஸ்ட்ரோக்குக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். திசையைத் தீர்மானிப்பது டைமிங்.

சிடிஐ போட்டாச்சு. பேட்டரியும் ஃபுல். ஆனாலும் ஸ்பார்க் இல்லையே?

காந்தத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஹால் சென்சர் (காந்தம் கடப்பதை உணர்ந்து, பொறி விடும் நேரத்தை சிடிஐக்குச் சொல்வது) காந்தத்தின் ஒரு முகத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். ஹப்பில் ஒட்டிய காந்தம் தலைகீழாக இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. ஒட்டுவதற்கு முன்பே காந்தத்தைக் கையில் பிடித்து சென்சர் முன்னால் ஆட்டி, எந்த முகத்துக்குப் பொறி வருகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது.

இன்னும் சில: சென்சருக்கும் காந்தத்துக்கும் இடைவெளி அதிகம், சுவிட்சிலோ கனெக்டரிலோ மின்னழுத்தம் விழுகிறது, பிளக் கேப் முழுதாக உட்காரவில்லை. சிடிஐ ஒயரின் மேல் பின்னியிருக்கும் உலோக வலைதான் பிளக் உடலோடு சேரும் எர்த். கேப் தளர்வாக இருந்தால் அந்த இணைப்பு போய்விடும். பிளக் மாட்டாமல், எர்த் இல்லாமல் சிடிஐயைச் சுட வைக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத மின்னழுத்தம் உள்ளேயே தாண்டி யூனிட்டைத் தின்றுவிடும்.

டைமிங் வைக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் 28 முதல் 30 டிகிரியில் பொறி வர வேண்டும். கோணம் அளக்க ஒரு டிகிரி வட்டத்தைத் தாளில் அச்சடித்து ஹப்பில் ஒட்டினாலே போதும்.

ஸ்பார்க் நன்றாக இருக்கிறது. சோக் போட்டுச் சுற்றியும் பிளக் காய்ந்தே இருக்கிறது. ஏன்?

இங்கேதான் கன்வர்ஷனின் பாதிக் கதை இருக்கிறது. ரம்பத்தின் வால்ப்ரோ வகை கார்புரேட்டருக்குள் ஒரு சின்னப் பம்ப் உண்டு. அதை இயக்குவது கிராங்க் கேஸுக்குள் மாறி மாறி வரும் அழுத்தம். அந்த அழுத்தம் ஒரு சிறு துளை வழியாகவோ தனி ரப்பர் குழாய் வழியாகவோ கார்புரேட்டருக்கு வருகிறது. கார்புரேட்டரைத் திருப்பி வைக்கப் புது அடாப்டர் செய்தீர்களா? புது கேஸ்கட் வெட்டினீர்களா? அந்தப் பொட்டுத் துளை நேராக வரவில்லை என்றால் பம்ப் அசையாது, ஒரு சொட்டுப் பெட்ரோலும் வராது. தனிக் குழாய் வகையாக இருந்து அதை மாட்டாமல் விட்டிருந்தால் நஷ்டம் இரட்டிப்பு: பம்ப்பும் இல்லை, திறந்த முனை வழியாகக் கிராங்க் கேஸுக்குள் காற்றும் புகும். கேஸ்கட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடாப்டர் துளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேஸ்கட் பசை தடவியிருந்தால் அதுவே துளையை அடைத்திருக்கும்.

அடுத்தது சோக். சில ரம்பங்களில் சோக் தகடு கார்புரேட்டரிலேயே இராது, ஃபில்டர் பெட்டியோடு சேர்ந்திருக்கும். பெட்டியைக் கழற்றியதும் சோக்கும் போய்விட்டது. நீங்கள் சோக் என்று நினைத்து ஆட்டுவது எதையும் மூடவில்லை. கார்புரேட்டர் வாய்க்கு ஒரு தகடு செய்து நகர்த்தும்படி வையுங்கள். கட்டை விரலால் மூடியும் செய்யலாம், கார்புரேட்டர் ப்ராப்பிலிருந்து தள்ளிப் பின்பக்கம் இருந்தால் மட்டும்.

பெட்ரோல் குழாயில் குமிழி குமிழியாக வருகிறது.

எங்கோ காற்றை இழுக்கிறது. க்ளோ இன்ஜினுக்கு (மெத்தனாலில் ஓடும் மாடல் இன்ஜின்) போடும் சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறி, வீங்கி, இணைப்பிலிருந்து நழுவும். டேங்கின் ரப்பர் மூடியும் பெட்ரோலுக்கென்று செய்தது இல்லை என்றால் அதே கதி. டைகான் அல்லது நியோபிரீன் குழாய் போடுங்கள், டேங்குக்குள் எடைக்கட்டியோடு தொங்கும் குழாயையும் சேர்த்து. வெளியே புதுக் குழாய் போட்டுவிட்டு உள்ளே பழையதை விடுகிறவர்கள்தான் அதிகம். டேங்கின் வென்ட் (காற்று உள்ளே போகும் குழாய்) திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சைலன்சரிலிருந்து டேங்குக்கு அழுத்தக் குழாய் தேவையில்லை. கார்புரேட்டர் பம்ப் தானே இழுத்துக்கொள்ளும்.

கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

மேலே சொன்ன எல்லாம் பார்த்த பிறகு, செய்யலாம். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுங்கள். வால்ப்ரோ வகையில் பெரும்பாலும் பம்ப் பக்கம் டயாப்ரம் (அசையும் மெல்லிய சவ்வு) உடலை ஒட்டி, அதன்மேல் கேஸ்கட். மீட்டரிங் பக்கம் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் பக்கம்) நேர்மாறாக, கேஸ்கட் உடலை ஒட்டி, அதன்மேல் டயாப்ரம். இந்த வரிசை மாறினால் கார்புரேட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேலை செய்யாது. டயாப்ரம் துணி போல மெத்தென்று இருக்க வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம் போல விறைப்பாக இருந்தால் மாற்றுங்கள். பம்ப் டயாப்ரத்தின் சின்ன இதழ்கள் சுருண்டிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். உள்ளே இருக்கும் சின்ன வலையில் மரத்தூள் அடைத்திருக்கும். ரம்பம்தானே, இருக்கத்தான் செய்யும். துளைகளில் கம்பி விடாதீர்கள், ஸ்ப்ரே போதும். கம்ப்ரசர் காற்றை டயாப்ரம் இருக்கும்போது அடித்தால் கிழிந்துவிடும்.

பிறகு 'எல்' (குறைந்த வேகம்), 'ஹெச்' (அதிக வேகம்) இரண்டு ஊசியையும் மெதுவாக முழுக்க மூடி, ஒன்றே கால் சுற்றுத் திறந்து வையுங்கள். ஸ்டார்ட் ஆக இது போதும். ஸ்டார்ட் ஆகாத இன்ஜினில் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதால் எதுவும் தெரியவராது.

ஓவர் ஆகிவிட்டது. பிளக்கிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது.

இக்னிஷனை நிறுத்தி, சோக்கைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து நன்றாகச் சுற்றுங்கள். முடிந்தால் விமானத்தைக் கவிழ்த்து வடிய விடுங்கள். தரையில் சிந்தியது காயும்வரை பொறி பக்கம் போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் இப்படி ஆனால், மீட்டரிங் அறையின் ஊசி மூடவில்லை என்று பொருள். தூசி சிக்கியிருக்கும், அல்லது ஊசியைத் தூக்கும் நெம்பு அளவுக்கு மேல் உயர்ந்திருக்கும்.

சோக் போடும் சரியான முறை என்ன?

இக்னிஷன் ஆஃப், சோக் மூடியது, த்ராட்டில் கொஞ்சம் திறந்தது. கார்புரேட்டர் வாய் நனையும்வரை சுற்றுங்கள். பிறகு இக்னிஷன் ஆன், சோக் மூடியபடியே தட்டுங்கள். ஒரு 'டப்' கேட்டதும் சோக்கைத் திறந்துவிடுங்கள். அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் மூடிய சோக்கோடு தட்டிக்கொண்டே இருப்பதுதான் ஓவர் ஆவதற்கு முதல் காரணம்.

ஸ்டார்ட் ஆகிறது, கத்துகிறது, உடனே நிற்கிறது. ஊசியைத் திறந்தும் மாறவில்லை.

கிராங்க் கேஸில் காற்றுக் கசிவு. டூ ஸ்ட்ரோக்குக்கு கிராங்க் கேஸும் ஒரு பம்ப். அதில் ஓட்டை இருந்தால் கலவை மெலிந்துவிடும்.

ரம்ப இன்ஜினில் இதற்கென்றே இரண்டு இடம் உண்டு. பல சிறிய ரம்பங்களில் கிராங்க் கேஸின் கீழ்ப்பாதி ஒரு மூடி போன்றது. பிளாஸ்டிக் உடலுக்கு அடியிலிருந்து வரும் நான்கு நீள போல்ட்கள்தான் உடலையும் அந்த மூடியையும் சேர்த்து சிலிண்டரோடு இறுக்கும். உடலை எடுத்துவிட்டு அதே போல்ட்டைத் திரும்பப் போட்டால், இறுகியதுபோல் கைக்குத் தோன்றும். உண்மையில் நீளம் அதிகமான போல்ட் துளையின் அடியில் முட்டி நிற்கும், மூடி தளர்வாகவே இருக்கும். போன தடிமனுக்கு ஈடாக வாஷர் போடுங்கள், அல்லது போல்ட்டைக் குறுக்குங்கள். இணைப்பை சீலன்ட் போட்டுத் திரும்ப ஒட்டவும் வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கிளட்ச் பக்கத்து ஆயில் சீல். சில ரம்பங்களில் அந்தச் சீல் உட்கார்ந்திருப்பது செயின் ஆயில் பம்பின் உடலில். இனி எதற்கு ஆயில் பம்ப் என்று கழற்றிப்போட்டால் சீலும் கூடவே போய்விடும்.

சோதிக்க, கார்புரேட்டர் இடத்தையும் சைலன்சர் இடத்தையும் ரப்பர் தாள் வைத்து மூடி, பிளக்கை மாட்டி, கிராங்க் கேஸுக்குள் 0.5 பார் அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், சீல் பிதுங்கிவிடும். சோப்பு நுரையைத் தடவினால் கசிவு தானே காட்டிக்கொடுக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் ஸ்டார்ட் ஆகாமல் போகுமா?

புதிதாக வாங்கிய அன்று போகாது. வைத்திருந்தால் போகும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், டேங்குக்குள் தொங்கும் குழாய் சரியாக அதைத்தான் உறிஞ்சும். பழைய டயாப்ரத்தையும் ரப்பரையும் எத்தனால் சீக்கிரம் கெடுக்கும். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். பறந்து முடித்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பிரீமியம் என்ற பெயர் இருப்பதால் மட்டும் எத்தனால் இல்லை என்று ஆகிவிடாது. லிட்டருக்கு 40 மில்லி நல்ல டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் போட்டால் 25க்கு 1. பழைய ரம்ப இன்ஜினுக்கு அது பாதுகாப்பான கலவை.

கம்ப்ரஷன் போதுமா என்று எப்படித் தெரியும்?

கேஜ் இருந்தால், சூடாகாத நிலையில் 110 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் நிம்மதி. 90க்குக் கீழே என்றால் கஷ்டம். கேஜ் இல்லாவிட்டால் சைலன்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிஸ்டனைப் பாருங்கள். செங்குத்தாகக் கோடு கோடாக உரசியிருந்தால், ஆயில் இல்லாமலோ மெலிந்த கலவையிலோ ஓடிய இன்ஜின் அது. சைலன்சரைக் கழற்றியதோடு உள்ளேயும் எட்டிப் பாருங்கள். ஓரமாகப் போட்டிருந்த ரம்பத்தில் குளவி மண்ணை அப்பி வைத்திருக்கும். தீப்பொறி தடுக்கும் வலை இருந்தால் அதில் கரி அடைத்திருக்கும்.

ஒரு முறை பறந்து இறங்கியது. சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை.

சூட்டில் ஸ்பார்க் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஆறினால் வருகிறது, சூட்டில் இல்லை என்றால் காயில். ஸ்பார்க் இருந்தால், சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருந்த பிளாஸ்டிக் தடுப்பை எடுத்துவிட்டு அலுமினிய அடாப்டர் போட்டிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். அந்தப் பிளாஸ்டிக் வெப்பத்தைத் தடுக்கத்தான் இருந்தது. கவுலிங்கில் (இன்ஜினை மூடும் உறை) காற்று உள்ளே வரும் வழியைவிட வெளியேறும் வழி பெரிதாக இருக்க வேண்டும், இரண்டு, மூன்று மடங்கு.

எல்லாம் பார்த்தாச்சு. இன்னும் ஓடவில்லை.

இன்ஜினை விமானத்திலிருந்து இறக்கி, வெட்டாத பிளைவீல், பழைய காயில், பழைய கார்புரேட்டர், ரீகாயில் ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஒரு பலகையில் போல்ட் போட்டு இழுத்துப் பாருங்கள். பிளைவீலைக் கடைந்துவிட்டீர்கள் என்றால் அதே மாடல் ரம்பத்தின் பிளைவீலைக் கடன் வாங்கலாம். ரம்பத்தின் பொருட்களோடு ஓடினால் இன்ஜினில் குறை இல்லை. அப்புறம் கன்வர்ஷன் பாகங்களை ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள், ஓடாமல் போகும் இடத்தில் குற்றவாளி நிற்பான். ரம்பத்தின் பொருட்களோடும் ஓடவில்லை, கம்ப்ரஷனும் குறைவு என்றால் சிலிண்டர், பிஸ்டன், ரிங், சீல் செட்டுக்கு விலை கேளுங்கள். சீன 52, 58 சிசிக்கு இது மலிவாகவே கிடைக்கும். பழைய ஐரோப்பிய ரம்பமாக இருந்தால் அந்த விலைக்கு ஓடுகிற இன்னொரு ரம்பமே கிடைத்துவிடலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.